தேடிய வரி

அண்ணி ஒருவருக்கும் ஊசி போட்டதில்லை. காய்ச்சலில் கிடப்பவரின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூடக் கொஞ்சம் தயங்குவாள். ஆனால் பதினான்கு வருடமாக நர்சுகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

நர்சிங் கல்லூரியில் அவள் நூலகர். பள்ளி முடித்துவிட்டு நேராக வருகிற பிள்ளைகளால் தொந்தரவில்லை. சொன்னதை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். வேலையில் இருந்துகொண்டே மேல்படிப்புக்கு வருகிற நர்சுகளிடம்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நாற்பது வயதுக்காரிகள். காலையில் வார்டில் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நூலகத்தின் பின்னறைக்கு வந்து சேர்வார்கள். ஆய்வுக் கட்டுரைகளை எப்படித் தேடுவது, எப்படிப் படிப்பது என்பதுதான் பாடம். அங்கே பன்னிரண்டு கணினிகள். ஒன்பது வேலை செய்யும்.

கல்லூரி வாசலுக்கு எதிரே என் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், பைண்டிங். புதன் மதியம் கடையில் ஆள் வராது. பைண்டிங் ஆனவற்றைக் கொடுக்கிற சாக்கில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்தப் பின்னறைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். குளிர்ச்சியான அறை என்பது ஒரு காரணம். நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் என்பது இன்னொரு காரணம்.

ஒவ்வொரு வருடமும் முதல் நாளிலேயே யாராவது ஒருத்தி அண்ணியை உரசிப் பார்ப்பாள். அந்த வருடம் உரசியவரை நாங்கள் எல்லாரும் கடிகார சிஸ்டர் என்போம். நர்சுகள் மார்பில் தலைகீழாகக் குத்திக்கொள்கிற சிறிய கடிகாரத்தை அவர் சேலை கட்டி வரும்போதும் கழற்ற மாட்டார். நரம்பியல் வார்டில் இருபத்திரண்டு வருடம்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. எந்தப் புண்ணு ஆறும், எது ஆறாதுன்னு நாங்க கண்ணாலயே சொல்லிடுவோம். பேப்பரைத் தேடிப் படிச்சு என்னத்தப் புதுசா தெரிஞ்சுக்கப் போறோம்?"

"தெரிஞ்சதுல எது தப்புன்னு தெரிஞ்சுக்கலாம்."

"அப்படி என்ன தப்பா தெரிஞ்சு வச்சிருக்கோம்?"

"படுத்த படுக்கையா கிடக்கிறவங்க முதுகு சிவந்து போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"முன்னாடி நல்லா தேய்ச்சு விடுவோம். டியூட்டர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"இப்ப?"

"இப்ப தேய்க்கக் கூடாதுங்கிறாங்க."

"எத்தனை முதுகைத் தேய்ச்சிருப்பீங்க?"

அறையே சிரித்தது. கடிகார சிஸ்டரும் சிரித்தார். "அதை மட்டும் கேக்காதீங்க மேடம். செத்த பிறகு அவங்கள்லாம் வரிசையா வந்து நிப்பாங்க."

அதற்குப் பிறகு அவர் முதல் வரிசைக்கு வந்துவிட்டார்.

அண்ணியிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, தேடுவதற்கு முன்னால் கேள்வியைப் பலகையில் எழுத வைப்பாள். எழுதியவர் ஒதுங்கி நிற்க, மற்றவர்கள் அதில் திருட்டுச் சொல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். திருட்டுச் சொல் என்பது கேள்விக்குள் பதுங்கியிருக்கிற பதில். 'ஆபரேஷனுக்கு முன் பாட்டுக் கேட்பதன் நன்மைகள்' என்று ஒருத்தி எழுதினாள்.

"நன்மைகள்!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

"அதேதான். நன்மைன்னு போட்டுத் தேடினா நன்மைதான் வரும். வாடகைக்கு வீடு பாக்கப் போய், வீட்டுக்காரர்கிட்டயே கூரை ஒழுகுமான்னு கேக்குற மாதிரி. பக்கத்து வீட்டுல கேளுங்க. காலி பண்ணிட்டுப் போனவங்களைக் கேளுங்க."

இன்னொரு பழக்கம், முதல் பக்கம். எந்த நாளில், எந்தத் தளத்தில், எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினாய், எத்தனை கட்டுரை வந்தது, எத்தனையை ஒதுக்கினாய், ஏன் ஒதுக்கினாய். இந்தத் தேடிய வரி முதல் பக்கத்தில் இல்லாவிட்டால், உள்ளே தங்கத்தால் எழுதியிருந்தாலும் அண்ணி வாங்க மாட்டாள். "நீங்க நடந்த வழியில நானும் நடந்து பாக்கணும். வழியைச் சொல்லாம ஊரை மட்டும் காட்டினா நான் எப்படி நம்புறது?" என்பாள். பைண்டிங்குக்கு வருகிறவர்களிடம் நானே கேட்பேன்: "முதல் பக்கம் இருக்கா சிஸ்டர்? அப்புறம் பிரிச்சுக் கட்டச் சொன்னீங்கன்னா எனக்குத்தான் வேலை."

அந்த வருடம் மழை ஓயும் சமயத்தில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது.

அவன் பஸ் டிரைவர். இருபத்தெட்டு வருடம் ஒரே டிப்போ. காலை வண்டியை எடுப்பதற்கு முன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். வண்டியை எடுத்த பிறகு சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டிப்போவில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வலது கையும் காலும் போயின. பேச்சு குழறலாக மீண்டது. தொண்டை மட்டும் சரியாகவில்லை.

விழுங்குவதைச் சோதிக்க ஒரு பெண் வந்தாள். எக்ஸ்ரே கருவிக்கு முன் அண்ணனை உட்கார வைத்துக் குடிக்கச் சொன்னாள். திரையில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. அதிலிருந்து ஒரு மெல்லிய இழை பிரிந்து வேறு பக்கம் போனது. "இது மூச்சுக்குழாய்க்குள்ள போகுது. அவருக்கு இருமல்கூட வரல பாருங்க. தண்ணி மாதிரி இருக்குற எதுவும் குடுக்காதீங்க. எல்லாத்தையும் கெட்டியாக்கிக் குடுங்க" என்று ஒரு டப்பா மாவைக் கொடுத்தாள்.

அந்த மாவை அண்ணி எப்படிக் கரைப்பாள் என்பது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. டம்ளரில் அளந்து தண்ணீர். கத்தியால் வழித்துச் சமன் செய்த கரண்டியில் மாவு. முள்கரண்டியால் ஒரே பக்கமாகச் சுழற்றுவாள், கட்டி விழாமலிருக்க. பிறகு கை கட்டி நின்று காத்திருப்பாள். கரண்டியைச் சாய்த்தால் சொட்டக் கூடாது, வழிய வேண்டும். தண்ணீர், பால், சூப், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாமே அப்படித்தான். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் கல்லூரிக்குக் கிளம்புவதற்குள் நாலு டம்ளர். மதியம் அவளும் நானும் மாறி மாறி வருவோம். எவ்வளவு உள்ளே போயிற்று என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும்.

முதல் டம்ளரைக் குடித்துவிட்டு அண்ணன் என்னைப் பார்த்தான். "ஏண்டா... உன் கடைப் பசையை இவளுக்கு எடுத்துக் குடுத்தியா?"

"சும்மா இருங்க" என்றாள் அண்ணி.

"இதுல ரெண்டு போஸ்டர் ஒட்டலாம்."

ஒரு வாரம் இந்த மாதிரிப் பேச்சு ஓடியது. பிறகு பேச்சு குறைந்தது. "டீ" என்று மட்டும் கேட்டான். டிப்போ வாசலில் நின்று குடிக்கிற மாதிரி, ஆவி பறக்க, வெறும் டீ. அண்ணி டீயிலும் மாவைக் கலந்து கொடுத்தாள். ஒரு வாய் வைத்துக்கொண்டு, விழுங்காமல், வாயோரமாக வழிய விட்டான். அவன் கண்ணும் வழிந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கண்ணீர் சட்டென்று வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டோம்.

"வெறும் டீ குடிச்சா நிமோனியா வரும்ங்க."

"யாரு சொன்னா?"

"ஏழு பேப்பர் சொல்லுது."

உண்மைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த வாரமே அண்ணி தேடி எடுத்துவிட்டாள். என் கடையில்தான் பிரிண்ட் எடுத்தோம். நீல ஃபைலில் போட்டு டிவிக்கு மேலே வைத்திருந்தாள். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவாள். என் அக்காவுக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. ஆனால் ஃபைலின் கனம் பிடித்திருந்தது.

அக்கா எங்கள் இருவருக்கும் மூத்தவள். தையல் வேலை. வாரத்துக்கு இரண்டு நாள் இரண்டு பஸ் மாறி வந்து அண்ணனுக்கு ஊட்டிவிட்டுப் போவாள். அண்ணி அவளை 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவாள். நானும் 'அண்ணி' என்று குரல் கொடுத்தால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா ஊட்டும்போது அண்ணன் வாயை மூடிக்கொள்ள முடியாது. தாடையைப் பிடித்துவிடுவாள். "ஆஸ்பத்திரியில சொன்னதைச் செய். உன் பொண்டாட்டி இவ்வளவு படிச்சுப் பார்த்துட்டுத்தானே குடுக்குறா? வாயைத் திற."

ஃபிரிட்ஜ் தாளில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. ஒரு நாளில் அரை லிட்டர், பிறகு அதற்கும் கீழே. உதடு வெடித்தது. சிறுநீர் கறுத்தது. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடியும். அந்தத் தடவை அவனுக்கு நினைவு கலங்கியிருந்தது. கட்டிலை வண்டி என்று நினைத்துக்கொண்டு, "பின் கதவு திறந்திருக்குடா. மூடு. ஆள் விழுந்துரும்" என்று என்னை விரட்டினான். நான் எழுந்து போய் வார்டின் கதவை மூடிவிட்டு வந்தேன். அப்புறம்தான் அடங்கினான்.

"தண்ணி உள்ள போகலைன்னா இப்படித்தான் ஆகும்" என்றார் டாக்டர்.

"குடிக்க மாட்டேங்கிறார்" என்றாள் அண்ணி.

"குடிக்க வைக்கணும்" என்றுவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய் கடிகார சிஸ்டர் கடைக்கு வந்தார். பென் டிரைவைக் கொடுத்து, "ஒன்பது பேப்பர் தம்பி. ரெண்டு பக்கமும் அடிங்க" என்றார்.

மெஷினிலிருந்து வருகிற தாளை அடுக்கும்போது தலைப்பைப் படிப்பது என் பழக்கம். பக்கம் மாறிவிடக் கூடாதே என்பதற்காக ஆரம்பித்தது. பல வருடத்தில் அந்த ஆங்கிலம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. பக்கவாதம், விழுங்குதல், கெட்டியாக்கிய நீர். எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள்தான். அண்ணியின் ஃபைலை அத்தனை தடவை புரட்டியிருக்கிறேனே. ஒன்பதையும் அடுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

"என்ன தம்பி, மை தீர்ந்து போச்சா?"

"இல்ல சிஸ்டர். எங்க அண்ணியும் இதே விஷயத்துல ஏழு பேப்பர் எடுத்திருக்காங்க. இதுல ஒண்ணுகூட அதுல இல்ல."

"ஒண்ணுகூடவா? ஒரே விஷயமா?"

"ஒரே விஷயம். எங்க அண்ணனுக்காக எடுத்தது."

அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்பது அவருக்குத் தெரியும். தொண்டை விவகாரம் தெரியாது. அண்ணி வகுப்பில் வீட்டைப் பற்றிப் பேசுகிறவள் இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: மாவு, டீ, ட்ரிப்ஸ், பின் கதவு. அவர் கவுண்டரில் கையை ஊன்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வார்டுலயும் இதே கதைதான். அதனாலதான் இந்தத் தலைப்பையே எடுத்தேன். மேடம் எந்த வரியைப் போட்டுத் தேடினாங்க?"

"தெரியல சிஸ்டர்."

"முதல் பக்கத்துல இருக்குமே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணியின் ஃபைலில் முதல் பக்கமே கிடையாது. பிரிண்ட் எடுத்தவன் நான். நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் கடிகார சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். ஜன்னலோரத்தில் நாற்காலியில் அண்ணன். அவர் நேராகப் போய் அவன் கையின் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் மெதுவாகத்தான் படிந்தது. நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

"மேடம், நான் உங்க ஃபைலைப் பாக்கலாமா?"

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். டிவிக்கு மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். சிஸ்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். வகுப்பில் அண்ணி சொல்லிக்கொடுத்தபடியே முடிவுரைக்குப் போகாமல், எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள், எதை அளந்தார்கள் என்கிற பக்கத்துக்கு முதலில் போனார். நேரமாயிற்று. அண்ணன் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை.

"மேடம், இதுல அஞ்சுல எக்ஸ்ரே படத்தைப் பாத்துத்தான் சொல்லியிருக்காங்க. கெட்டியா குடுத்தா மூச்சுக்குழாய்க்குள்ள போறது குறையுதுன்னு. அது சரிதான். குறையுது."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"ஆனா நிமோனியா வந்துச்சா, வரலையான்னு இந்த அஞ்சும் பாக்கவே இல்லையே. எவ்வளவு குடிச்சாங்க, குடிச்சாங்களா இல்லையான்னும் பாக்கல. படம் எடுத்த அன்னிக்கோட முடிஞ்சுபோச்சு. மீதி ரெண்டுல ஆளே கம்மி."

அண்ணி ஃபைலை வாங்கி, அந்தப் பக்கங்களைத் தானே புரட்டிப் பார்த்தாள்.

"உங்க தேடின வரி என்ன மேடம்?"

"எழுதி வைக்கல."

"நீங்களா?"

அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமான ஆச்சரியம். அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. அலமாரியில் இருந்த மடிக்கணினியை எடுத்து வந்து, பழைய தேடல்கள் சேமிக்கப்பட்டிருக்கிற பக்கத்தைத் திறந்தாள். அந்த வாரத்தின் தேதி. ஒரே ஒரு வரி. திரையைச் சிஸ்டரின் பக்கம் திருப்பிவிட்டு, அவள் வேறெங்கோ பார்த்தாள்.

சிஸ்டர் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "கெட்டியாக்கிய நீரால் நிமோனியாவைத் தடுத்தல்."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தடுத்தல்" என்றாள் அண்ணி. "போன வருஷம் இதே மாதிரி எழுதினதுக்கு ஒரு பொண்ணைத் திருப்பி அனுப்பினேன். அழுதுட்டே போனா." மடிக்கணினியை மூடினாள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த ரெண்டாம் நாள் சிஸ்டர். இவர் இருமினாலே என் உயிர் போயிட்டு வரும். அன்னிக்கு எனக்குக் கேள்வியெல்லாம் வேண்டியிருக்கல. பதில்தான் வேணும். கிடைச்சுது. மூடி வச்சுட்டேன்."

"யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க மேடம்."

"நான் செய்யக் கூடாதுல்ல."

"உங்க ஒன்பதுல என்ன இருக்கு?" என்றேன் நான். எனக்குப் பொறுக்கவில்லை.

"குதிக்காதீங்க தம்பி. வெறும் டீ குடுக்கலாம்னு இதுல ஒண்ணும் சொல்லல. கெட்டியா குடுத்தா குறைவா குடிக்கிறாங்க, வெறுக்கிறாங்க, உடம்பு வத்திப் போகுதுங்கிறது ஓரளவு தெளிவா இருக்கு. நிமோனியா குறையுதான்னு கேட்டா, தெரியலன்னுதான் சொல்றாங்க. ஆய்வும் கொஞ்சம், ஆளும் கொஞ்சம். தெரியாதுங்கிறதை ஒன்பது பேர் ஒன்பது விதமா எழுதியிருக்காங்க."

"தெரியாதுன்னா?" இது அண்ணன். எல்லாரும் திரும்பினோம்.

"தெரியாதுன்னா தெரியாது சார். டீயால உங்களுக்கு ஆபத்து வரலாம். வராமலும் போகலாம்."

"இந்தப் பசையால?"

"குடிக்காம இருந்தா அதாலயும் ஆபத்துதான். ரெண்டு தடவை பாத்துட்டீங்களே."

அண்ணன் இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். ஒவ்வொரு சொல்லையும் தள்ளித் தள்ளி வெளியே கொண்டு வந்தான். "இத்தனை நாள்... தெரியும்னு சொல்லி... ஊட்டினா. தெரியாதுன்னா... நான் சொல்றதைக் கேக்கணும்ல?"

அண்ணி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கே குழாய் வெகு நேரம் ஓடியது.

அன்றைக்கே டீ கொடுத்துவிடவில்லை. அண்ணி மறுபடி தேடினாள். இந்தத் தடவை வரியைப் பலகையில் எழுதுகிற மாதிரி என் கடைத் தாளில் பெரிதாக எழுதி, நானும் சிஸ்டரும் பார்த்துச் சரி என்ற பிறகுதான் தேடினாள். மூன்று நாள். சிஸ்டருக்குக் கிடைக்காத நாலு கட்டுரையும் வந்தன. இரண்டு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், ஒன்றில் அரைகுறை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அண்ணனையும் அழைத்துக்கொண்டு, டாக்டரையும் அந்த விழுங்கு சோதனைப் பெண்ணையும் பார்க்கப் போனோம். அந்தப் பெண் சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். "வீட்டுல அவர் குடிக்கிறதில்லைன்னு யாருமே என்கிட்ட சொல்லலையே" என்றாள். நேராக நிமிர்ந்து உட்கார வேண்டும், தாடையை மார்புப் பக்கம் இறக்க வேண்டும், குடிப்பதற்கு முன் பல்லும் நாக்கும் சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு வாய்க்கு ஒரு சின்ன மடக்கு. எழுதிக் கொடுத்தாள். ஆபத்து தெரிந்தே வெறும் டீ குடிக்கச் சம்மதம் என்று டாக்டர் ஒரு தாளை நீட்டினார். அண்ணன் இடது கையால் கையெழுத்துப் போட்டான். அது அவன் கையெழுத்து மாதிரியே இல்லை.

முதல் மடக்கில் இருமினான். அண்ணி டம்ளரைப் பிடுங்கப் போனாள். அவன் விடவில்லை. ஒரு டம்ளர் டீக்கு இருபது நிமிடம் ஆனது. குடித்து முடித்துவிட்டு, "சக்கரை பத்தல" என்றான்.

அக்காவுக்குச் சொன்னபோது கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "நேத்து வரைக்கும் விஷம்னீங்க. இன்னிக்கு மருந்தா? உங்க பேப்பர் மாசத்துக்கு ஒண்ணு சொல்லுமா? அவன் உடம்பு என்ன உங்களுக்குப் பரிட்சையா?" அண்ணி விளக்கப் பார்த்தாள். தெரியாது என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்வதை அக்காவால் ஏற்க முடியவில்லை. அதற்கு எதற்குப் படிப்பு என்று கேட்டாள். அதன் பிறகு அவள் வந்த நாட்களில் அண்ணன் டீ குடிப்பதைப் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொள்வாள்.

பத்து மாதம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பல் துலக்கல். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஈயென்று காட்டுவான். ட்ரிப்ஸ் ஏற்றப் போகவே இல்லை. உதடு ஆறியது. டிப்போ நண்பர்கள் வந்தால் அவர்களோடு சேர்ந்து குடிப்பான். அவர்கள் இரண்டாவது டம்ளரை முடிக்கும்போது இவன் முதலில் பாதியில் இருப்பான். "வண்டி முதல் கியர்லயே ஓடுது" என்பான். குளியலறை வரைக்கும் தடி ஊன்றி நடந்தான்.

அடுத்த மழைக்காலத்தில் சளி பிடித்தது. தெருவில் எல்லாருக்கும் சளிதான். அவனுக்கு அது நெஞ்சில் இறங்கியது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிமோனியா என்றார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் போய்விட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா அழவில்லை. அண்ணியின் முன்னால் வந்து நின்றாள். "டீ குடுத்தே கொன்னுட்ட" என்றாள். அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். டிப்போக்காரர்கள், பக்கத்து வீட்டார், கடிகார சிஸ்டர். யாரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் போனால் பேசுவாள். அண்ணியைப் பற்றிப் பேச்செடுத்தால் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு மாதம் கழித்து அண்ணி வகுப்புக்குத் திரும்பினாள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எந்த வகைச் சான்றுக்கு எவ்வளவு எடை என்பது அன்றைய பாடம். ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு எங்கே, பத்துப் பேரை வைத்துச் செய்தது எங்கே என்று பலகையில் படி படியாகக் கோடு போட்டாள். புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ், விவரம் தெரியாதவள், கையைத் தூக்கினாள்.

"மேடம், எங்க வார்டுல பேசிக்கிட்டாங்க. பக்கவாதம் வந்த ஒருத்தருக்கு வீட்டுல வெறும் டீ குடுத்திருக்காங்க. நிமோனியா வந்து செத்துப்போயிட்டாராம். அது எந்தப் படி?"

இரண்டாம் வருடப் படிப்பில் இருந்த கடிகார சிஸ்டர் திரும்பி அவளை முறைத்தார். அண்ணி கையிலிருந்த பேனாவை மூடினாள். திறந்தாள்.

"நல்ல கேள்வி. நீங்க எங்க வைப்பீங்க?"

"ஒரே ஒரு ஆளுதானே மேடம். அடியில."

"தூக்கிப் போட்டுடலாமா?"

அந்தப் பெண் யோசித்தாள். "போட வேணாம் மேடம். அடியில இருக்கட்டும்."

"சரி. எழுதிக்குங்க" என்று அண்ணி அடுத்த படிக்குப் போனாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்று வகுப்பு முடிந்ததும் கடைக்கு வந்தாள். "தம்பி, உங்க அக்கா வீட்டுக்குப் போகணும். கூட வாங்க."

நான் அவளுடைய ஏழு, சிஸ்டரின் ஒன்பது, பிறகு தேடிய நாலு எல்லாவற்றையும் ஒன்றாகப் பைண்ட் பண்ணி வைத்திருந்தேன். ஒரு நாள் தேவைப்படும் என்று நினைத்தேன். அதைப் பையில் வைக்கப் போனபோது அண்ணி, "அது எதுக்கு?" என்றாள். கவுண்டரிலேயே விட்டுவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

இரண்டு பஸ். முதல் பஸ்ஸின் டிரைவர் அண்ணியை அடையாளம் கண்டு தலையசைத்தார்.

அக்கா கதவைத் திறந்தாள். கழுத்தில் அளவு நாடா. எங்களைப் பார்த்துவிட்டு வழி விடாமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் மெஷின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏதோ பள்ளிச் சீருடைகள் குவிந்திருந்தன.

"அண்ணி" என்றாள் அண்ணி. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்க சொன்னீங்க. நான் பதில் சொல்லல."

"என்ன பதில் சொல்லப் போற? ஃபைல் எங்க?"

"கொண்டு வரல. நீங்க சொன்னது இருக்கலாம். டீயால இருக்கலாம். சளியாலயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இருக்கலாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அக்கா சண்டைக்குத் தயாராக நின்றவள். ஒரு கை கதவைப் பிடித்திருக்க, மறு கை அளவு நாடாவின் இரண்டு முனைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. மூடிக்கொண்டது. மாடியில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"கடைசியா எப்பக் குடிச்சான்?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள். வியாழக்கிழமை காலையில."

"முழுசாவா?"

"முழுசா."

"இருமினானா?"

"ரெண்டு தடவை."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "சக்கரை போட்டியா?"

"ரெண்டு ஸ்பூன். பத்தலன்னார். இன்னொண்ணு வேணும்னார்."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

அக்கா கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். உள்ளே போய், நாற்காலியின் மேல் கிடந்த சீருடைத் துணிகளை அள்ளித் தரையில் போட்டாள். பிறகு அந்த நாற்காலியை அண்ணியின் பக்கம் தள்ளினாள்.